பிரயாணியின் தட்டில் காண்ட்ராக்டரின் கை

நெடுந்தூர ரயில்களில் விற்கப்படும் சாப்பாட்டைப் பற்றி இந்த வாரம் எழுத விரும்புகிறோம். கூலிப் பிரச்னை இருக்கிறது, நிலப் பிரச்னை இருக்கிறது. இவற்றையெல்லாம் விட்டுவிட்டு ரயில் சோற்றைப் பற்றி ஒரு தலையங்கமா என்று சிலர் கேட்கக்கூடும். அப்படிக் கேட்பவர்கள் அசாமிலிருந்து கோவை வரை ஒரு தடவை ரயிலில் வந்து பார்க்கட்டும்!

திப்ருகரிலிருந்து கன்னியாகுமரி வரை ஓடும் விவேக் எக்ஸ்பிரஸ் 4,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. சேலம், ஈரோடு, கோவை வழியாகச் செல்லும் அந்த வண்டி, முழுத்தூரத்தையும் கடக்க 70 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. தன்பாத்திலிருந்து ஆலப்புழைக்குச் செல்லும் வண்டியும் நமது ஆலை நகரங்களின் வழியேதான் போகிறது. இவற்றில் வருகிறவர்கள் யார்? கோவையிலும் திருப்பூரிலும் நம் பக்கத்துத் தறியில், பக்கத்து மெஷினில் நின்று உழைக்கும் அசாம், பீகார், ஜார்க்கண்ட், ஒரிசா தொழிலாளிகள். அதேபோல் நம் ஊர்க்காரர்களும் மும்பைக்கும் குஜராத்துக்கும் டில்லிக்கும் பிழைப்புத் தேடிப் போகிறார்கள். இரண்டு பகல், மூன்று பகல் ஒரு மனிதன் ரயிலுக்குள் அடைபட்டுக் கிடக்கும்போது, அவன் வயிற்றுக்கு வேறு போக்கிடம் கிடையாது. பேன்ட்ரி வண்டியிலிருந்து வருவதைத்தான் சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் பட்டினி கிடக்க வேண்டும்.

அந்தச் சாப்பாடு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ரயில்வே நிர்வாகமே கணக்கு எழுதி வைத்திருக்கிறது. சாதாரண மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளில் ஒரு சைவச் சாப்பாடு என்றால் சோறு 150 கிராம், பரோட்டா அல்லது சப்பாத்தி 100 கிராம், பருப்பு அல்லது சாம்பார் 150 கிராம், காய்கறி 100 கிராம், தயிர் 80 கிராம், ஊறுகாய் 12 கிராம். 2019ஆம் ஆண்டு நவம்பரில் இதற்கு நிர்ணயித்த விலை வண்டிக்குள் 80 ரூபாய். காலைச் சிற்றுண்டி 40 ரூபாய்.

இதை ஒரு விவசாயக் கூலிக் குடும்பத்தின் கணக்கில் வைத்துப் பார்ப்போம். காலையில் சிற்றுண்டி, பகலும் இரவும் சாப்பாடு என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 ரூபாய். புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள் என்றால் 800 ரூபாய். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். ஆக, இரண்டு நாள் மண் சுமந்து வாங்கிய கூலி, ரயிலில் ஒரு நாள் சாப்பிடக்கூடக் காணாது. இதுவும் நிர்ணயித்த விலைக்குக் கொடுத்தால்! எண்பது ரூபாய்ச் சாப்பாட்டுக்கு நூறும் நூற்றிருபதும் கேட்டு, பில் கொடுக்காமல் போவது ரயிலேறியவர்களுக்குத் தெரியாத சங்கதி அல்ல.

விலையாவது போகட்டும், தட்டில் வருவது என்ன?

இதற்கு நாம் பதில் சொல்ல வேண்டியதில்லை. சர்க்காரின் தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரியே சொல்லியிருக்கிறார். 74 நிலையங்களிலும் 80 ரயில்களிலும் ரயில்வே அதிகாரிகளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சோதனை செய்து, 2017 ஜூலையில் பார்லிமெண்டில் வைக்கப்பட்ட அறிக்கை அது. மனிதர் சாப்பிடத் தகாத பண்டங்கள் விற்கப்படுகின்றன. கெட்டுப்போனதும், மீந்துபோனதும் மறுபடி சூடுகாட்டிக் கொடுக்கப்படுகிறது. காலம் கடந்த பொட்டலங்கள் விற்பனையாகின்றன. சுத்தம் செய்யாத குழாய்த் தண்ணீரில் டீ போடப்படுகிறது. குப்பைத் தொட்டிக்கு மூடி இல்லை. உணவுப் பண்டம் ஈக்கும் தூசிக்கும் திறந்து கிடக்கிறது. வண்டிகளில் எலியும் கரப்பானும் ஓடுகின்றன. எடை குறைகிறது, விலை கூடுகிறது, பில் கிடையாது. இது யாரோ எதிர்க்கட்சிக்காரர் மேடையில் பேசிய பேச்சல்ல. சர்க்காரின் சொந்தக் கணக்கு!

அறிக்கை வந்த மூன்றாவது மாதம், 2017 அக்டோபரில், கோவாவிலிருந்து மும்பைக்குச் சென்ற தேஜஸ் எக்ஸ்பிரஸில் காலைச் சிற்றுண்டி சாப்பிட்ட இருபதுக்கு மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில், சென்னையிலிருந்து ஹைதராபாத் செல்லும் சார்மினார் எக்ஸ்பிரஸ் செகந்திராபாத் நிலையத்தில் நிற்கும்போது, வண்டியின் கக்கூஸுக்குள்ளிருந்து டீ கேன்கள் வெளியே வந்தன. ஒரு பிரயாணி எடுத்த வீடியோ 2018 மே மாதம் ஊரெல்லாம் பரவிய பிறகுதான் நிர்வாகம் வாய் திறந்தது. காண்ட்ராக்டருக்கு ஒரு லட்ச ரூபாய் அபராதம் போட்டதாக அறிவித்தார்கள். அவ்வளவுதான், விஷயம் முடிந்தது!

1917ஆம் ஆண்டில் காந்தி பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் வந்தார். வழியில் விற்ற டீயின் அழுக்கையும், பண்டங்களில் ஈ மொய்த்ததையும் கண்டித்துப் பத்திரிகைகளுக்கு எழுதினார். அப்போது ரயில் வெள்ளைக்காரன் ஆட்சியில் இருந்தது. சரியாக நூறு வருஷம் கழித்து, 2017இல், சுதந்திர இந்தியாவின் தணிக்கை அதிகாரியும் அதே ஈயைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. மூன்றாம் வகுப்பு என்ற பெயரை 1974இல் எடுத்துவிட்டார்கள். பெயர்தான் போயிற்று.

முன்பதிவில்லாத பெட்டிக்காரன் நிலையோ இதையும்விட மோசம். அவனுடைய பெட்டி வண்டியின் தலைமாட்டிலோ கால்மாட்டிலோ இருக்கிறது. பேன்ட்ரி நடுவில் இருக்கிறது. நிற்க இடமில்லாத கூட்டத்தில் சாப்பாட்டுக்காரன் அங்கே வருவதில்லை. இறங்கி வாங்கப் போனால் இடம் போய்விடும், வண்டியும் போய்விடும். 2023ஆம் ஆண்டில் இந்தப் பெட்டிகள் நிற்கும் இடத்துக்கு நேராக பிளாட்பாரத்தில் 20 ரூபாய்க்குப் பூரி, உருளைக்கிழங்கு, ஊறுகாய் விற்கத் தொடங்கினார்கள். நல்ல காரியம்தான், வரவேற்கிறோம். ஆனால் முதலில் 64 நிலையங்களில் தொடங்கி, 2024இல் நூறுக்குச் சற்று மேல் கொண்டுவந்தார்கள். நாட்டில் ரயில் நிலையங்கள் ஏழாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. நள்ளிரவில் வண்டி வரும் நிலையத்தில் பூரி கிடைக்குமா?

இந்தக் கேட்டுக்குக் காரணம் யார்? கோபம் வந்த பிரயாணி, சாப்பாடு கொண்டுவரும் பையனைத் திட்டுகிறார். சில சமயம் கைநீட்டியும் விடுகிறார். தோழர்களே, இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும்.

ரயிலில் சோறு போடும் உரிமை ஏலத்தில் விடப்படுகிறது. அதிக லைசென்ஸ் கட்டணம் கட்டுகிறவனுக்கு வண்டி கிடைக்கிறது. நல்ல சோறு போடுகிறவன் யார் என்பதல்ல, சர்க்காருக்கு அதிகப் பணம் கட்டுகிறவன் யார் என்பதே கேள்வி. சாப்பாட்டின் விலையையோ நிர்வாகம் நிர்ணயித்துவிட்டது. அப்படியானால் கட்டிய பணத்தையும் அதற்குமேல் லாபத்தையும் காண்ட்ராக்டர் எங்கிருந்து எடுப்பான்? அவனுக்கு நாலு வழிதான் உண்டு. மட்டமான அரிசியும் எண்ணெயும் வாங்கலாம். தட்டில் எடையைக் குறைக்கலாம். பிரயாணியிடம் அதிக விலை பிடுங்கலாம். தொழிலாளியின் கூலியை வெட்டலாம். நாலையும் சேர்த்தே செய்கிறான்.

பேன்ட்ரி வண்டித் தொழிலாளியின் வாழ்க்கையை நம் வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். விடியற்காலையில் டீயோடு தொடங்கி, இரவு கடைசித் தட்டைப் பொறுக்கி முடிக்கும்வரை அவன் கால் நிற்பதில்லை. ஓடும் வண்டியில், அடுப்புச் சூட்டில் நின்று சமைக்கிறான். பலருக்குப் படுக்கை கிடையாது. மூட்டைகளுக்கிடையே தரையில் முடங்குகிறார்கள். பலருக்கு நிலையான சம்பளமும் இல்லை, விற்றதற்குக் கமிஷன்தான். விற்காத சாப்பாட்டின் நஷ்டம் அவன் தலையில் விழும் என்றால், காலையில் மீந்ததை இரவில் விற்கத்தான் அவன் தள்ளப்படுவான். எண்பது ரூபாய்த் தட்டை நூறுக்கு விற்கிற பையனும் காண்ட்ராக்டரின் கணக்கை நேர்செய்யத்தான் அலைகிறான். அவன் செய்வது சரி என்று நாம் சொல்லவில்லை. அவனை அப்படிச் செய்யவைக்கும் முறை எது என்றுதான் கேட்கிறோம். ஆலைத் தொழிலாளி பேன்ட்ரித் தொழிலாளியை அடித்தால், ஏலம் எடுத்தவன் தன் வீட்டில் நிம்மதியாகத் தூங்குவான்!

சர்க்கார் செய்ததெல்லாம் என்ன? 1950களில் ரயில்வே இலாகாவே சொந்தப் பொறுப்பில் உணவு வழங்கத் தொடங்கியது. குறைகள் இருந்தாலும், கேட்டால் பதில் சொல்ல ஓர் இலாகா இருந்தது. 1999இல் ஐ.ஆர்.சி.டி.சி. என்ற கார்ப்பரேஷனை அமைத்தார்கள். 2005 கொள்கைப்படி உணவுப் பொறுப்பை அதனிடம் கொடுத்தார்கள். 2010இல் பிடுங்கி ரயில்வே மண்டலங்களிடம் கொடுத்தார்கள். 2017இல் மறுபடியும் கார்ப்பரேஷனிடமே கொடுத்தார்கள். அடிக்கடி கொள்கையை மாற்றியது கேட்டுக்கு ஒரு காரணம் என்று தணிக்கை அறிக்கையே கூறுகிறது. போர்டு மாறியது, மந்திரி மாறினார், கொள்கை மாறியது. காண்ட்ராக்டர் மட்டும் மாறவில்லை.

இதற்கிடையே 2019 அக்டோபரில் அந்தக் கார்ப்பரேஷனின் பங்குகளைச் சந்தையில் விற்றார்கள். 320 ரூபாய்க்கு விற்ற பங்கு, சந்தைக்கு வந்த முதல் நாளே இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. 2020 டிசம்பரிலும் 2022 டிசம்பரிலும் மேலும் விற்று, சர்க்காரின் பங்கை 62.4 சதவிகிதத்துக்குக் கொண்டுவந்தார்கள். பங்குக்காரனுக்கு லாபம் காட்ட வேண்டும் என்று ஆகிவிட்ட பிறகு, பிரயாணியின் தட்டு யார் கண்ணுக்குத் தெரியும்?

சமையல் கூடங்களில் கேமிரா வைத்திருக்கிறோம், பில் தராவிட்டால் பணம் தர வேண்டாம், 139க்குப் போன் செய்யுங்கள் என்று நிர்வாகம் சொல்கிறது. இவை வேண்டாம் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் கேமிரா சமையற்காரனைத்தான் பார்க்கும், ஏலத்தைப் பார்க்காது. அபராதத்தைக் காண்ட்ராக்டர் ஒரு செலவாக எழுதிக்கொண்டு, மறுநாள் சாம்பாரில் இன்னொரு குடம் தண்ணீர் ஊற்றுவான்.

வேறு வழி இல்லையா? உண்டு. ஆலைத் தொழிலாளிகளுக்கே இது நன்றாகத் தெரியும். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேண்டீன் வைக்க வேண்டும், அதை நடத்தும் கமிட்டியில் தொழிலாளிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வழி செய்தது. ஆயிரம் பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும் வண்டியில் அப்படி ஒரு கமிட்டி ஏன் கூடாது? ரயில்வேயில் சட்டப்படி நடத்தப்படும் கேண்டீன்களின் தொழிலாளிகள் ரயில்வே ஊழியர்களே என்று சுப்ரீம் கோர்ட் 1990இல் தீர்ப்புக் கூறியது. ரயில்வேக்காரனுக்குச் சோறு போடுகிறவன் ஊழியன், பிரயாணிக்குச் சோறு போடுகிறவன் அநாதையா?

1957இல் காபி போர்டு தன் காபி ஹவுஸ்களை மூடியபோது, வேலை இழந்த தொழிலாளிகள் தோழர் ஏ. கே. கோபாலனின் வழிகாட்டுதலில் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்துக் கடைகளைத் தாங்களே ஏற்று நடத்தினார்கள். இந்தியன் காபி ஹவுஸ் அப்படிப் பிறந்ததுதான். 2013இல் சென்னை மாநகராட்சி திறந்த மலிவு விலை உணவகங்களில், சுயஉதவிக் குழுப் பெண்கள் ஒரு ரூபாய்க்கு இட்லியும் ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதமும் கொடுத்தார்கள். அரசு மானியம் கொடுத்தது. இடைத் தரகன் இல்லை. மனமிருந்தால் முடியும் என்பதற்கு இவை போதாதா?

ரயில்வே தானாக எதையும் தந்துவிடாது என்பதையும் மறக்க வேண்டாம். தென்னிந்திய ரயில் நிலைய உணவு விடுதிகளில் பிராமணருக்கு ஓர் இடம், மற்றவர்களுக்கு ஓர் இடம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். சுயமரியாதை இயக்கம் பல ஆண்டுகள் கிளர்ச்சி செய்த பிறகே, 1941இல் அந்த அநியாயம் ஒழிந்தது.

எனவே நமது கோரிக்கைகள் இவை:

1. அதிக லைசென்ஸ் கட்டணத்துக்கு ஏலம் விடும் முறையை ஒழிக்க வேண்டும். ரயில் உணவை லாபமுமின்றி நஷ்டமுமின்றி ரயில்வேயே நேரடியாகவோ, தொழிலாளர் கூட்டுறவுகள் மூலமாகவோ நடத்த வேண்டும்.

2. பேன்ட்ரித் தொழிலாளிகள் அனைவருக்கும் நிலையான மாதச் சம்பளம், படுக்கை, வார ஓய்வு, மருத்துவ வசதி வேண்டும். கமிஷன் முறை ஒழிய வேண்டும்.

3. 24 மணி நேரத்துக்கு மேல் ஓடும் ஒவ்வொரு வண்டியிலும் முன்பதிவில்லாத பெட்டிவரை 20 ரூபாய்ச் சாப்பாடும் நல்ல குடிதண்ணீரும் வந்து சேர வேண்டும்.

4. விலையும் எடையும் ஒவ்வொரு பெட்டியிலும் தமிழ் உள்ளிட்ட அந்தந்த வட்டார மொழிகளில் எழுதி ஒட்டப்பட வேண்டும். பிரயாணிகளும் தொழிற்சங்கங்களும் இடம்பெறும் கமிட்டிகளுக்குச் சமையல் கூடங்களைச் சோதிக்கும் அதிகாரம் வேண்டும்.

இந்தக் கோரிக்கைகளை ஆலை வாசல் கூட்டங்களிலும் விவசாயத் தொழிலாளர் கூட்டங்களிலும் பேச வேண்டும். உங்கள் ஊர் பார்லிமெண்ட் அங்கத்தினரிடம் மகஜர் கொடுத்துப் பதில் கேட்க வேண்டும். அடுத்த தடவை ரயிலேறும்போது பில் கேளுங்கள். தராவிட்டால் புகார் எழுதுங்கள். அப்போது தட்டு நீட்டும் தொழிலாளியிடம் சம்பளம் எவ்வளவு, எங்கே தூங்குகிறாய் என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள். அவன் சொல்லும் பதிலில் நம் தட்டின் கதையும் இருக்கும். சாப்பிடுகிறவனும் சமைக்கிறவனும் ஒன்றுசேர்ந்து கேட்டால், ஏலம் விடுகிறவன் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்!