போகிக் காலையில் சாக்லேட் பால்

சங்கராந்திக்குச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் உறவுகள் சித்தூர் மாவட்டத்துக் கார்வேட்டிநகரத்தில் வந்திறங்கும்போது மார்கழிக் குளிர் இன்னும் விட்டிருக்காது. விடியலில் போகித் தீயைச் சுற்றி நிற்கும் பிள்ளைகளுக்குக் காபி வேண்டாம். ஒரு மேசை போட்டுச் சூடான சாக்லேட் பால் வையுங்கள். அதற்குச் சர்க்கரை மிகுந்த பாக்கெட் பொடி தேவையே இல்லை. நாட்டிலேயே கொக்கோ அதிகம் விளைவது ஆந்திரத்தில்தான். ஏலூர்ப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக நிற்கிறது. வெல்லத்துக்கோ நம் சித்தூரே பேர்போனது. பத்துப் பேருக்கு 2 லிட்டர் பால், ஆளுக்கு 2 தேக்கரண்டி இனிப்பில்லாத கொக்கோத் தூள். தூளை முதலில் கொஞ்சம் வெந்நீரில் குழைத்துக்கொண்டால் கட்டி தட்டாது. வெல்லப்பாகை வடிகட்டி, பாலை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே ஊற்ற வேண்டும். கொதிக்கும்போது ஊற்றினால் பால் திரிந்துவிடும். பக்கத்தில் சுக்குப்பொடி, ஏலக்காய்ப்பொடி, நொறுக்கிய கடலைமிட்டாய். அவரவர் விருப்பம்போல் தூவிக்கொள்ளட்டும். மேலே போட மார்ஷ்மெல்லோ வாங்குவதானால் கவனம்: கடையில் விற்பதில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும். அது விலங்கின் தோலிலும் எலும்பிலும் எடுப்பது. பண்டிகை நாளில் சைவ விருந்தினர் முன் அதைச் சொல்லாமல் வைக்காதீர்கள்.