திரையில் நீளும் ஸ்பிரிங்

2020-ல் கொரோனாவால் லேப்கள் பூட்டிக் கிடந்தபோது கம்ப்யூட்டர் சிமுலேஷன்கள்தான் கை கொடுத்தன. மறுக்கவில்லை. ஆனால் "ஸ்பிரிங்தானே, திரையிலேயே பார்த்துக்கலாம்" என்று இன்னமும் சொல்கிறார்களே, அங்கேதான் எனக்குச் சண்டை.

நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'ஃபெட்' திட்டத்தில் ஹூக் விதிக்கு ஒரு சிமுலேஷன் உண்டு. சுருள்வில் மாறிலியை 100 முதல் 1000 நியூட்டன்/மீட்டர் வரை மாற்றலாம். 100-ல் வைத்து 100 நியூட்டன் விசையில் இழுத்தால் ஸ்பிரிங் ஒரு மீட்டர் நீளும். திருப்பித் தள்ளினால் அதே ஸ்பிரிங் ஒரு மீட்டர் அமுங்கும்! நெளியாது, சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டாது. விழுப்புரம் கடைத்தெரு முழுக்க அலைந்தாலும் அப்படியொரு ஸ்பிரிங் கிடைக்குமா?

பள்ளிப் பிள்ளைகளுக்கு விதி புரிய அது போதும், அருமையும்கூட. நாம் டிப்ளமோக்காரர்கள். நமக்கு அந்த மாறிலி கம்பியிலிருந்து வர வேண்டும். கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு அது நேர் விகிதம். சுருள் விட்டத்தின் மூன்றாம் அடுக்குக்கும் சுற்று எண்ணிக்கைக்கும் எதிர் விகிதம். கம்பி பத்து சதவீதம் தடித்தால் விறைப்பு 46 சதவீதம் ஏறிடும்! பேனா ஸ்பிரிங் மாதிரி 0.4 மி.மீ. எஃகுக் கம்பி, 4 மி.மீ. சுருள், 12 சுற்று என்று கணக்குப் போடுங்கள்: சுமார் 330 வரும். ஃபெட் எல்லைக்குள் அடங்குகிற எண்தான். ஆனால் பேனா ஸ்பிரிங் பத்து சென்டிமீட்டர் அமுங்கட்டும், பார்ப்போம்.

இதில் நமக்கு என்ன நஷ்டம்? ரெக்கார்டில்தான். மாறிலி 25 உள்ள ஸ்பிரிங்கில் 200 கிராம் தொங்கவிட்டால் 20 அலைவுக்கு 11.2 செகண்ட் என்கிறது சூத்திரம். ஸ்பிரிங்கின் சொந்த எடை 60 கிராம் என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு சேர்ந்து 11.8 ஆகிவிடும். எடையில்லாத ஸ்பிரிங்கைத் திரையில் பார்த்துவிட்டு வருகிற பையன் தன் ஸ்டாப் வாட்ச் மேல் சந்தேகப்பட்டு, ரீடிங்கை 11.2 என்று 'சரிக்கட்டி' எழுதுகிறான். (யாரும் செய்வதில்லை என்று சொல்லிடாதீங்க!) ஒழுங்காக எடுத்த ரீடிங் குப்பைக்குப் போகிறது.

ஒரு யோசனை. கம்ப்யூட்டர் பிரிவுத் தோழர்கள் புராஜெக்டாக ஒரு ஸ்பிரிங் சிமுலேஷன் எழுதட்டும். மாறிலிக்குப் பதில் கம்பி விட்டம், சுருள் விட்டம், சுற்று எண்ணிக்கை கேட்கட்டும். சுற்றுகள் முட்டினால் நிற்கட்டும். மீள் எல்லை தாண்டினால் பழைய நீளத்துக்குத் திரும்பாமல் கிடக்கட்டும். ஸ்பிரிங்கின் எடையையும் கணக்கில் எடுக்கட்டும். திருவாமாத்தூர் சைக்கிள் கடையில் கழித்துப்போட்ட சீட் ஸ்பிரிங் முதல் நம்ம ஸ்டோர் ரூம் ஸ்பிரிங் வரை வெர்னியரில் அளந்து எண்களைத் தர மெக்கானிக்கல்காரர்கள் நாங்க ரெடி.