கரடிக்குக் கைத்துப்பாக்கியா?

கிண்டி ரயில் நிலையத்தில் தாம்பரம் வண்டிக்காகக் காத்திருந்த ஒரு மாலையில்தான் இந்தக் கட்டுரைக்கு வித்து விழுந்தது. பொங்கல் விடுமுறையில் நீலகிரிக்குப் போய்க் காட்டில் நடந்து வருவது என்று நாங்கள் ஐந்து பேர் முடிவு செய்திருந்தோம். அப்போது நண்பன் ஒருவன் தன் செல்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். அமெரிக்க இளைஞன் ஒருவன். முதுகில் மூட்டை, இடுப்பில் தோலுறைக்குள் கைத்துப்பாக்கி, எதிரே பனி மூடிய மலை. "கரடி இருக்கிற காட்டுக்கு இப்படித்தான் போகணும்" என்றான். எல்லோரும் சிரித்தோம். வண்டி பரங்கிமலையைத் தாண்டுவதற்குள் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. சேலம் மாவட்டத்தில் இருக்கும் தன் பெரியப்பாவிடம் உரிமம் பெற்ற ரிவால்வர் ஒன்று உண்டு என்றும், கேட்டால் தருவார் என்றும் இன்னொருவன் சொன்னான். மூன்று பேர் "ஆகா" என்றார்கள். நான் கூடாது என்றேன். கோழை என்று பெயர் வாங்கினேன். அந்தப் பெயரைக் கழுவிக்கொள்வதற்காக மட்டும் எழுதவில்லை. மலையேற்ற ஆசை நம் மாணவர்களிடையே ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்து வருகிறது, இந்தக் கேள்வி நாளை உங்கள் நண்பர் கூட்டத்திலும் எழும் என்பதால் எழுதுகிறேன்.

கரடி நமக்குப் புதியதன்று. வேண்டாத நேரத்தில் வந்து நிற்பவரைச் 'சிவபூசையில் கரடி' என்கிறோம். அந்தக் கரடி விலங்கன்று, கரடிகை என்னும் இசைக்கருவி என்று விளக்கம் சொல்லும் தமிழாசிரியர்கள் உண்டு. அவர்களோடு நான் வாதிடப் போவதில்லை. ஆனால் குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தில் விலங்குக் கரடியே விளக்கெண்ணெயைத் தேடிக் கோயிலுக்குள் புகுந்துவிடுகிறது. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் வீடுகளின் கதவையும் உடைக்கிறது. அடுத்து, சிறு வயதில் நாம் படித்த இரண்டு நண்பர்கள் கதை. கரடியைக் கண்டதும் ஒருவன் மரத்தில் ஏறிக்கொள்வான், மற்றவன் செத்தவன் போல் கிடப்பான். மரமேறியவனை அந்தக் கதை சுயநலக்காரன் என்று கண்டிக்கிறது. முட்டாள் என்று ஏன் சொல்லவில்லை என்பது என் சந்தேகம். நம் நாட்டுக் கரடி தேனடையைத் தேடி மரமேறுவதில் கைதேர்ந்தது.

அமெரிக்கப் படத்தைப் பார்த்துவிட்டு இங்கே கரடியை அளக்கக் கூடாது. நம் காடுகளில் இருப்பது தேன்கரடி. வளர்ந்த ஆண் கரடி ஏறக்குறைய 80 முதல் 145 கிலோ வரை இருக்கும். அதன் முக்கிய உணவு கறையான், எறும்பு, பழம், தேன். மேல்தாடையின் நடுவே இரண்டு பற்கள் இல்லாமலே அது பிறக்கிறது. அந்த இடைவெளி வழியாகத்தான் புற்றிலிருந்து கறையானை உறிஞ்சுகிறது. மனிதனைத் தின்பதற்காக அது வருவதில்லை. அப்படியானால் ஏன் தாக்குகிறது? மோப்பம் மிகக் கூர்மையானது, கண்ணும் காதும் அவ்வளவு கூர்மையல்ல. புற்றைக் குடைந்துகொண்டு தலையை உள்ளே விட்டிருக்கும்போது நாம் சத்தமின்றி அருகே போய்விடுகிறோம். தாய்க் கரடியாக இருந்தால் முதுகில் குட்டிகள் இருக்கும். ஐந்தாறு அடி தூரத்தில் திடீரென்று ஓர் ஆளைக் கண்டதும் அது ஓடுவதில்லை, பாய்கிறது. நீண்ட நகங்கள் முதலில் தேடுவது முகத்தையும் தலையையும்தான். பிழைத்தவர்களிலும் பலர் கண்ணையோ மூக்கையோ இழந்து வாழ்கிறார்கள். கரடி ஆபத்தற்றது என்று நான் சொல்ல வரவில்லை. புலியைவிடக் கரடிக்கு அஞ்சுகிறோம் என்று காட்டோரத்து மக்கள் சொல்வதில் பொருள் இருக்கிறது.

என் கேள்வி வேறு. அந்த ஐந்தாறு அடியில், அந்த ஓரிரு நொடியில், இடுப்பில் இருக்கும் துப்பாக்கி என்ன செய்யும்?

2022 நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையம் அருகே நடந்ததை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். மசாலாப் பொட்டலங்களை இரு சக்கர வண்டியில் வைத்து விற்கச் சென்ற ஒருவரைக் கரடி கீழே தள்ளிக் கடித்தது. சத்தம் கேட்டுக் காப்பாற்ற ஓடிவந்தவர்களையும் அது விடவில்லை. மூன்று பேர் முகம் சிதைந்து மருத்துவமனைக்குப் போனார்கள். பிறகு வனத்துறையினர் மயக்க ஊசி செலுத்திக் கரடியைப் பிடித்தார்கள். இந்தக் காட்சியில் ஒரு கைத்துப்பாக்கியைச் சேர்த்துப் பாருங்கள். கீழே விழுந்தவர் கையில் அது இருந்தால், உறையிலிருந்து எடுக்கவே நேரமில்லை. காப்பாற்ற வந்தவர் கையில் இருந்தால், கரடியும் மனிதனும் ஒன்றாகப் புரளும் இடத்தில் எதைக் குறிவைத்துச் சுடுவார்? அவர் சுட்டிருந்தால் குண்டு யாரைத் துளைத்திருக்கும் என்று நினைக்கவே எனக்கு அச்சமாக இருக்கிறது.

தேசிய மாணவர் படையில் இருந்தபோது நானும் சுட்டிருக்கிறேன். புள்ளி இருபத்திரண்டு ரைபிள், 25 கஜத் தூரம், தரையில் படுத்துக்கொண்டு, மூச்சை அடக்கி, பின்னால் ஹவில்தார் நின்று "அவசரப்படாதே" என்று சொல்லச் சொல்ல ஐந்து குண்டுகள். இலக்கோ அசையாத அட்டை. என் ஐந்தில் இரண்டு அட்டையிலேயே படவில்லை. ரைபிளைக் காட்டிலும் கைத்துப்பாக்கியின் குழல் குட்டையானது. கை சற்று நடுங்கினாலும் குறி எங்கோ போய்விடும். மனிதரைக் கொன்ற மைசூர்க் கரடி ஒன்றைப் பற்றி எழுதிய வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் ரைபிளை நம்பித்தான் காட்டுக்குப் போனார். அவரே நம்பாத ஒன்றை, வாரம் ஒரு நாள் அணிவகுப்புக்குப் போன நாம் நம்புகிறோம்!

சட்டத்துக்கு வருகிறேன். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி 21 வயது நிரம்பாதவர் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. நம் வகுப்புகளில் பெரும்பாலோர் அந்த வயதை எட்டவில்லை. உரிமம் என்பது அந்த ஆளுக்கு உரியது. பெரியப்பாவின் ரிவால்வரைத் தம்பி மகன் பையில் போட்டுக்கொண்டு மலையேறினால் இருவருமே குற்றவாளிகள். 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமோ இன்னும் ஒரு படி மேலே போகிறது. உரிய அதிகாரியின் எழுத்து மூலமான முன் அனுமதியின்றி யாரும் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. உங்களிடம் உரிமம் இருந்தாலும் கூடாது. தேசியப் பூங்காவுக்கும் இதே விதிதான்.

ஆகவே முதுமலைக்கும் முண்டந்துறைக்கும் உள்ள அதே விதி, நாம் தினமும் பேருந்தில் கடந்து போகும் கிண்டிப் பூங்காவுக்கும் உண்டு. அங்கே கரடி இல்லை, புள்ளிமானும் வெளிமானும்தான். ஒரு காலத்தில் அது வேட்டைக் காடு. 1821-இல் தனியார் ஒருவரிடமிருந்து அரசு அதை 35,000 ரூபாய்க்கு வாங்கியது. 1978-இல் தேசியப் பூங்கா ஆயிற்று. வேட்டைத் துப்பாக்கியை வெளியேற்றியதால் அல்லவா ஊர் நடுவே 2.7 சதுர கிலோமீட்டர்க் காடு நமக்கு மிஞ்சியது?

உயிருக்கு ஆபத்து வந்தால் தற்காப்புக்காக விலங்கைச் சுடலாமே என்று கேட்பார்கள். உண்மை. நல்லெண்ணத்தோடு தற்காப்புக்காகச் செய்தது குற்றமாகாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. ஆனால் அந்த நேரத்தில் சட்டத்தை மீறிக்கொண்டிருந்தவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்றும் அடுத்த வரியில் சொல்கிறது. அனுமதியின்றித் துப்பாக்கியோடு சரணாலயத்துக்குள் நுழைந்ததே மீறல் அல்லவா? இந்த இடத்தில்தான் என் நண்பன் சற்றுத் தடுமாறினான்.

தடுமாறினானே தவிரத் தோற்கவில்லை. அலாஸ்காவில் செய்த ஆராய்ச்சி ஒன்றை எடுத்து வந்தான். அதை மறைப்பது நேர்மையாகாது. 2012-இல் வெளிவந்த அந்த ஆராய்ச்சி, கரடிக்கும் துப்பாக்கி வைத்திருந்த மனிதருக்கும் இடையே நடந்த 269 நிகழ்ச்சிகளை ஆராய்ந்தது. கைத்துப்பாக்கியைப் பயன்படுத்திய நிகழ்ச்சிகளில் 84 விழுக்காடு வெற்றி. "இப்போது என்ன சொல்கிறாய்?" என்றான். அதே ஆராய்ச்சியில் இன்னொரு முடிவும் இருக்கிறது என்றேன்: துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களும், கையில் இருந்தும் பயன்படுத்தாதவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் காயப்பட்டார்கள். அதே ஆராய்ச்சியாளர்கள் 2008-இல் மிளகாய்க் காரம் கொண்ட தெளிப்பானைப் பற்றி எழுதினார்கள். அதை வைத்திருந்தவர்களில் 98 விழுக்காட்டினர் நெருங்கிய சந்திப்பிலும் காயமின்றித் தப்பினார்கள். இரண்டு கணக்கையும் அப்படியே அருகருகே வைத்து ஒப்பிடக் கூடாது என்று வாதிடுபவர்களும் உண்டு. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் 2010 முதல் சட்டப்படி துப்பாக்கி கொண்டு போகலாம் என்பதும் மெய்தான். ஆனால் அது சிறு வயதிலிருந்தே துப்பாக்கியோடு பழகியவர்கள் நிறைந்த நாடு. நம் காட்டிலோ உண்ணிச் செடிப் புதருக்கு அப்பால் என்ன இருக்கிறது என்றே தெரியாது.

நம் பக்கத்திலும் துப்பாக்கி நாடு ஒன்று உண்டு. குடகில் கொடவர் இனத்தாருக்கு ஆயுத உரிமத்திலிருந்து விலக்கு இருக்கிறது. துப்பாக்கிக்குப் பூசையே செய்கிறார்கள். அதனால் அங்கே யானையின் தொல்லை தீர்ந்துவிட்டதா? காப்பித் தோட்டங்களில் இன்றும் மனிதர்கள் யானையிடம் மாள்கிறார்கள்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. நாம் ஆண்டுக்கு இரண்டு நாள் காட்டுக்குப் போகிறோம். கோத்தகிரியில் தேயிலை பறிக்கும் பெண்கள் நாள்தோறும் விடியற்காலையில் கரடி நடந்த அதே தடத்தில் நடக்கிறார்கள். காணிகளும் குறும்பர்களும் தேன் எடுக்கப் போகிறார்கள். அவர்கள் கையில் இருப்பது அரிவாளும் கோலும் குரலும்தான். கரடியிடமிருந்து காக்க யாருக்காவது ஏதாவது கொடுக்க வேண்டுமானால் முதல் உரிமை அவர்களுக்கு உண்டு. அவர்கள் கேட்பதோ தெருவிளக்கு, பாதையோரப் புதரை வெட்டுவது, குப்பையை உடனே அள்ளுவது. இதையெல்லாம் கேட்டுப் போராட நமக்குத் தோன்றவில்லை, ரிவால்வர் தோன்றுகிறது.

உண்மையில் மலையேறுபவர்களைக் கொல்வது எது? 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணிக் காட்டுத் தீயில் சிக்கியவர்களில் 23 பேர் இறந்தார்கள். சென்னையிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. அவர்களில் நம் வயதுக்காரர்களும் இருந்தார்கள். தீயைத் துப்பாக்கியால் சுட முடியுமா? காய்ந்த புல், காற்றின் போக்கு, எந்தப் பக்கம் இறங்கலாம் என்பதைத் தெரிந்தவர் சொல்ல, கேட்பதற்குப் பொறுமை வேண்டும். அதன் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 40 தடங்களைத் திறந்து, அந்தந்த மலை மக்களையே வழிகாட்டிகளாக அமர்த்தியது. கட்டணம் அதிகம் என்று நம் மாணவர்கள் முணுமுணுக்கிறார்கள். அது எனக்கும் வருத்தம்தான். கல்லூரி மாணவருக்குச் சலுகை தரலாம். ஆனால் வழிகாட்டியின் கூலியை மிச்சம் பிடிக்கத் திருட்டுத்தனமாக நுழைபவனுக்குத்தான் துப்பாக்கி ஆசை முதலில் வருகிறது என்பதை நான் கண்டிருக்கிறேன்.

கடைசியில் ரிவால்வர் பெரியப்பா வீட்டுப் பெட்டியிலேயே இருந்தது. நாங்கள் பணம் கட்டிக் கோத்தகிரியின் லாங்வுட் சோலைக்குப் போனோம். வழிகாட்டியாக வந்த அண்ணன் கையில் ஒரு கோல் மட்டும் இருந்தது. முதல் வளைவிலேயே, "கத்த வேண்டாம் தம்பி, பேசிக்கிட்டே வாங்க. நாம வர்றது அதுக்குத் தெரியணும்" என்றார். மேலே விழுந்தால் ஓடாதே, குப்புறப் படுத்துப் பிடரியைக் கைகளால் மூடிக்கொள் என்றும் சொல்லிக் கொடுத்தார். அரை மணி நேரம் சென்றபின் திடீரென்று நின்றார். புதிதாகக் குடைந்த புற்று. மண் இன்னும் ஈரமாக இருந்தது. பக்கத்தில் கொட்டைகள் நிறைந்த எச்சம். காற்றை மோந்து பார்த்தார். கோலால் மரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். எதுவும் அசையவில்லை. இருந்தாலும் பத்து நிமிடம் எங்களை அங்கேயே நிற்க வைத்துவிட்டு, பிறகு வேறு பக்கமாகச் சுற்றி அழைத்துப் போனார்.

அந்தப் பத்து நிமிடமும் ஓயாமல் பேசும் வேலை, கிண்டியில் செல்பேசிப் படத்தைக் காட்டிய நண்பனுக்குத்தான் கொடுக்கப்பட்டது. போன பருவத் தேர்வு, விடுதிச் சாப்பாடு, கிரிக்கெட் என்று எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிட்டு, கடைசியில் பெருக்கல் வாய்பாடு சொல்லிக்கொண்டிருந்தான்.