ஒரு ரன் கம்மி

விழுப்புரத்தில் காலை எட்டு மணி பஸ்ஸைப் பிடித்துத் திண்டிவனத்துக்கு ஆபீஸ் போகும் கோஷ்டியில் நானும் ஒரு மெம்பர். பி.காம். படித்த பாவத்துக்குத் திண்டிவனத்தில் நாலு கடைகளுக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலம். எங்கள் பஸ்ஸில் தெரியாத சப்ஜெக்ட் என்று எதுவும் கிடையாது. அமெரிக்க ஜனாதிபதிக்கே ஆலோசனை சொல்வோம். அவர்தான் கேட்பதில்லை.

2019 ஆகஸ்ட் 16, வெள்ளிக்கிழமை. முந்தின நாள் சுதந்திர தின லீவு. அன்று ராத்திரி சேப்பாக்கத்தில் டி.என்.பி.எல். ஃபைனல். அதே ராத்திரிதான் முன்னாள் இந்திய ஓப்பனர் வி.பி. சந்திரசேகர் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. முதலில் ஹார்ட் அட்டாக் என்றார்கள். பிறகு போலீஸ், தற்கொலை என்றது. டி.என்.பி.எல்.லில் அவர் வைத்திருந்த காஞ்சி வீரன்ஸ் டீமால் வந்த கடன் என்று பேச்சு. 58-வது பிறந்த நாளுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

பஸ் கிளம்பியதும் ஆரம்பித்துவிட்டது.

"கடன் எவ்ளோ தெரியுமா சார்?" என்று ஒருத்தர் இரண்டு விரலைக் காட்டினார். கோடி என்று நாமே புரிந்துகொள்ள வேண்டும். விக்கிரவாண்டி டோல்கேட்டில் அது ஒரு கை ஆயிற்று. கூட்டேரிப்பட்டு வருவதற்குள் இரண்டு கையும் போதவில்லை. மீட்டர் வட்டிகூட இவ்வளவு வேகமாக ஏறி நான் பார்த்ததில்லை.

"இன்னா சார், ஒரு வீட்டை வித்தா தீர்ந்துடாதா?"

"இவரை யாரு டீம் வாங்கச் சொன்னா?"

"பொண்டாட்டி புள்ளைங்களை நெனைச்சிருந்தா செய்வாரா?"

ரயில்வேயில் ரிட்டயரான பெரியவர் ஒருவர் மட்டும், "56 பந்துல செஞ்சுரிப்பா... 88-ல, இரானி டிராபி, சேப்பாக்கம்" என்று ஆரம்பித்தார். யாரும் காது கொடுக்கவில்லை. செத்தவரின் கடனைப் பேசும்போது குறுக்கே ஆட்டத்தைப் பேசினால் எப்படி?

இத்தனைக்கும் எங்கள் பஸ்ஸில் பாதிப் பேர் தோனிக்காக உயிரை விடுகிறவர்கள். 2008 ஏலத்தில் சென்னைக்காக உட்கார்ந்து, 15 லட்சம் டாலருக்கு அந்தத் தோனியை எடுத்தவர்களில் வி.பி.யும் ஒருவர். ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கும்தான்.

எனக்கு ஞாபகம் வந்தது வேறு. செல்லில் அவருடைய ஸ்கோர் விவரத்தைப் பார்த்தேன். முதல்தர கிரிக்கெட்டில் 81 மேட்ச், 4,999 ரன். விடுவேனா? "பாருங்க சார், ஐயாயிரத்துக்கு ஒரு ரன் கம்மி. மனுஷனுக்கு அப்பவே கணக்கு டேலி ஆகலை!" என்றேன்.

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் கூட. சிரிக்காதவர் ஒருத்தர்தான்: ஜன்னல் சீட் அண்ணன். ஒரு ஆபீசில் சீனியர் கிளார்க். தெருப் பையன்களைச் சேர்த்து டென்னிஸ் பால் டீம் நடத்துகிறவர். கிரிக்கெட் என்றால் ஊருக்கு முன்னால் பேசுகிற ஆள், அன்றைக்கு வயல்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

திண்டிவனம் மேம்பாலத்தடியில் இறங்கியதும், "தம்பி, ஒரு டீ சாப்பிடலாமா?" என்றார். ஏழு வருஷப் பழக்கத்தில் அவர் டீ வாங்கிக்கொடுத்ததில்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

பொங்கல் டோர்னமென்ட் பரிசுப் பணம், கேடயம், மைக் செட், பையன்களுக்குப் பனியன். எல்லாம் கடன். அதை அடைக்கத் தண்டல். தண்டலை அடைக்க இன்னொரு இடம். மூன்று வருஷமாக வீட்டுக்குத் தெரியாது.

"ராத்திரி அந்த நியூஸைப் பார்த்ததும், நமக்கும் இதான் வழியோன்னு தோணிச்சு தம்பி. தூங்கவே இல்லை. காலைல பஸ்ஸுல நீங்கள்லாம் பேசினீங்களே... நான் செத்தாலும் நாளைக்கு இதே பஸ்ஸுல விரலைக் காட்டுவாங்க. நீ ஒரு ஜோக் சொல்லுவே."

டீ தொண்டையில் இறங்கவில்லை.

எனக்குத் தெரிந்தது கணக்கு எழுதுவது ஒன்றுதான். கடைக்குப் போன் போட்டு லீவு சொல்லிவிட்டு, பெஞ்சிலேயே உட்கார்ந்து எழுதினேன். யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி. ஒன்றரைப் பக்கம் வந்தது. சின்னத் தொகை இல்லை. ஆனால் கூட்டிப் போட்டதும் அண்ணன் கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, "இவ்ளோதானா?" என்றார். மனசுக்குள் அவர் எத்தனை விரல் காட்டிக்கொண்டிருந்தாரோ! ராத்திரி மறுபடி அப்படித் தோன்றினால் என்னைக் கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் 104-க்குப் போன் செய்யுங்கள் என்று அந்தத் தாளின் மேலேயே எழுதிக் கொடுத்தேன்.

சாயங்காலம் அவரோடு விழுப்புரம் வீட்டுக்குப் போனேன். அண்ணி தாளைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு திட்டினார்கள். முதலில் என்னை. காலையிலேயே தெரிந்தும் ஏன் போன் பண்ணவில்லையாம். நகை அடகுக்குப் போயிற்று, பைக் விற்றாயிற்று. கடன் அடைய நாலு வருஷம் ஆயிற்று.

2024-ல் இங்கிலாந்தின் கிரஹாம் தோர்ப் 55 வயதில் இதே மாதிரி இறந்தார். அவருக்கு மனச்சோர்வு இருந்தது என்பதைக் குடும்பமே வெளிப்படையாகச் சொன்னது. மறு வருஷம் ஆகஸ்ட் 1, அவர் பிறந்த நாள். ஓவல் மைதானத்தில் இந்தியாவோடு டெஸ்ட். அவர் கட்டுவதைப் போலவே தலையில் பட்டையைக் கட்டிக்கொண்டு ரசிகர்கள் வந்து உட்கார்ந்தார்கள். டி.வி.யில் அதைப் பார்த்தபோது எனக்கு எங்கள் பஸ்தான் ஞாபகம் வந்தது. அந்த ரயில்வே பெரியவரை அன்றைக்குப் பேசவிட்டிருக்கலாம். அந்த 56 பந்துக் கதையை நான் இன்னும் முழுசாகக் கேட்கவில்லை.

அண்ணன் இப்போதும் ஜன்னல் சீட்தான். என் ஜோக்குகளுக்கு இப்போதும் சிரிப்பதில்லை. போன பொங்கலுக்கு டோர்னமென்ட்டில் ஸ்கோர் எழுதக் கூப்பிட்டார். பரிசுப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன்.

"வசூல்தான் தம்பி. நோட்டு உங்க அண்ணிகிட்ட இருக்கு. போய்ப் பார்த்துக்க!"