இருக்கை நமக்கு, சாவி யாருக்கு? பழைய ஜேசிபி வாங்கப் போகும் தோழர்களுக்கு

வட மாவட்டக் கிராமங்களில் எந்த நிறுவனம் செய்ததாக இருந்தாலும், முன்னால் அகலப் பக்கெட்டும் பின்னால் தோண்டும் கையும் கொண்ட மஞ்சள் வண்டிக்குப் பெயர் ஜேசிபி. செயின் சக்கரத்தில் ஓடுவது ஹிட்டாச்சி. செய்தித்தாள்கள் இரண்டையுமே பொக்லைன் என்று எழுதிவிடும். பெயரில் இருக்கும் இந்தக் குழப்பம் உடைமையில் இல்லை. ஆய்வுக்காக நான் சுற்றிவரும் ஊர்களில் ஆபரேட்டர் இருக்கையில் அமர்ந்திருப்பவர் பல நேரம் சேரி இளைஞர். மாலையில் சாவி போய்ச் சேரும் வீடு ஊர்த்தெருவில் இருக்கிறது.

அண்மைக் காலமாக அந்தச் சாவியை நாமே வைத்துக்கொள்ளலாம் என்று நம் பிள்ளைகள் நினைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். புது வண்டி 30 லட்சத்தைத் தாண்டும் என்பதால் கண் பழைய வண்டியின் மீது போகிறது. நானும் என் தம்பியும் ஒன்றரை ஆண்டுக்கு முன் அப்படி ஒன்றை 11 லட்சத்துக்கு வாங்கினோம். வேளாண் இயந்திர வாடகை பற்றித்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. அதனால் முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு மணியையும் ஒவ்வொரு ரூபாயையும் எழுதி வைத்தேன். அந்த நோட்டை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

வண்டி வாங்குவது பற்றி ஒரு சாதி ஒழிப்புத் தளத்தில் ஏன் எழுத வேண்டும்? இந்தத் தொழிலின் அறிவு முழுவதும் உறவுமுறை வழியாகத்தான் ஓடுகிறது. எந்த வண்டி நல்லது, எந்த புரோக்கரை நம்பலாம், எந்த ஒப்பந்தத்தில் பணம் வரும் என்பதெல்லாம் மாமனிடமிருந்து மச்சானுக்குப் போகிறது. அந்த வளையத்துக்கு வெளியே நிற்பவனுக்கு அதே வண்டி கூடுதல் விலைக்கும் கூடுதல் வட்டிக்கும் வருகிறது. தெரிந்ததைப் பொதுவில் வைப்பதே அந்த வளையத்தை உடைக்கும் முதல் வேலை.

முதலில் பணம். நாங்கள் ஏறிய வங்கிக் கிளையில் கேட்ட முதல் கேள்வி, அடமானம் வைக்க நிலம் இருக்கிறதா என்பது. 1892 ஆணையின் வழியே ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலமே கை மாறிப் போன ஊரில் இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? கடைசியில் உதவித்தொகை நிலுவையும் அம்மாவின் நகையும் சேர்ந்து மூன்றரை லட்சம் ஆனது. மீதி ஏழரை லட்சத்துக்குத் தனியார் பைனான்ஸ். பத்து சதவீதம்தான் என்றார்கள். தோழர்களே, அங்கேதான் நின்று கணக்குப் போட வேண்டும். அவர்கள் சொல்வது பிளாட் வட்டி. அசலில் எவ்வளவு கட்டி முடித்தாலும் முழு ஏழரை லட்சத்துக்கே மூன்று ஆண்டும் வட்டி போடுவார்கள். மொத்த வட்டி 2.25 லட்சம், மாதத் தவணை 27,083 ரூபாய். வங்கி சொல்லும் பத்து சதவீதம் குறையும் அசலுக்கு மட்டுமே. அதில் தவணை 24,200 அளவில் நின்றிருக்கும். பிளாட் பத்து என்பது வங்கிக் கணக்கில் ஏறக்குறைய பதினெட்டு. மூன்று ஆண்டில் வித்தியாசம் ஒரு லட்சத்துக்கு மேல். நிலம் இல்லாதவன் நிலம் இல்லாததற்காகவே கட்டும் அபராதம் இது.

எனவே பைனான்ஸ் கம்பெனிக்குப் போகும் முன் அரசுத் திட்டங்களின் கதவைத் தட்டுங்கள். 2023இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் முதலீட்டில் 35 சதவீத மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. தாட்கோ வழியான கடன்களும் இருக்கின்றன. ஆனால் நாங்கள் போன இடத்தில் புது வண்டியின் கொட்டேஷன் இல்லாமல் விண்ணப்பத்தையே வாங்கவில்லை. மானியத்தைக் கழித்துப் பார்த்தால் புது வண்டியே கட்டுப்படியாகும் வாய்ப்பு உண்டு. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பழையதற்கு வாருங்கள். வாய்மொழியாக "முடியாது" என்றால் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர வேண்டும் என்றதும் பல இடங்களில் பேச்சு மாறுகிறது.

இனி வண்டி. காலையில் போங்கள், சொல்லாமல் போங்கள். என்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிரில் ஸ்டார்ட் ஆகாத வண்டியை உங்களுக்காக ஏற்கெனவே ஓட்டி வைத்திருக்கலாம். மணி மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். பத்து ஆண்டு ஓடிய வண்டி நாலாயிரம் மணி காட்டினால், பெடல் ரப்பரும் லிவர் குமிழும் சீட்டும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பாருங்கள். அவை பொய் சொல்லாது. என்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குப்குப்பென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஹைட்ராலிக் ஆயில் பால் போல் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பூமைப் பாதி உயரத்தில் நிறுத்தி என்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் தள்ளி நின்று கவனியுங்கள். மெல்ல இறங்கினால் சிலிண்டர் சீலோ வால்வோ போயிருக்கிறது. பின்கையை இடதும் வலதும் திருப்பி, அது வண்டியோடு சேரும் கிங்போஸ்ட் ஆடுகிறதா என்று பாருங்கள். பின்-புஷ் மாற்றுவது சில ஆயிரங்களில் முடியும், கிங்போஸ்ட் முடியாது. ஓர் இடத்தில் மட்டும் பெயிண்ட் புதிதாக இருந்தால் அதன் கீழே வெல்டிங் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

காகிதத்துக்கும் இதே கண் வேண்டும். ஆர்.சி.யில் இருக்கும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் பொறித்ததும் ஒன்றா? பழைய கடன் பதிவு நீங்கியிருக்கிறதா? கடன் கொடுத்தவரின் தடையின்மைச் சான்றும் படிவம் 35உம் இல்லாமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். படிவம் 29, 30இல் கையெழுத்தாகிப் பெயர் மாறும் வரை ஒரு தொகையை நிறுத்தி வையுங்கள். "நம்ம ஆளுதான், அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார்கள். வழக்கு வரும்போது அந்த "நம்ம" காணாமல் போகும்.

ஓட்டக் கற்பது தனிக் கதை. இத்தொழிலில் பள்ளிக்கூடம் என்பது பெரும்பாலும் ஹெல்பர் வேலைதான். கிரீஸ் அடி, டீசல் பிடி, டீ வாங்கி வா, இரண்டு மூன்று வருடம் கழித்துப் பார்க்கலாம். ஆபரேட்டரின் சொந்தக்காரப் பையனுக்கு மூன்றாம் மாதமே லிவர் கிடைக்கும், நம் பையன் மூன்றாம் வருடமும் கிரீஸ் கன்னோடு நிற்பான். எனக்கும் தம்பிக்கும் கற்றுக்கொடுத்தது எங்கள் தெருவிலேயே இருக்கும் பெரியப்பா முறை ஆகும் ஒருவர். கல்குவாரிகளில் காலம் கழித்தவர். "லிவரைப் பிடிக்காத, தொட்டுக்க" என்பதுதான் அவர் பாடம்.

சமதளம் பார்த்து நிறுத்த வேண்டும். முன்பக்கெட்டைத் தரையில் அமர்த்தி, பின்னால் இரண்டு பக்கக் கால்களையும் இறக்கி, வண்டியின் கனம் டயரிலிருந்து கால்களுக்கு மாறிய பிறகே இருக்கையைத் திருப்ப வேண்டும். பின்னால் இரண்டு லிவர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வேலை. தொடக்கத்தில் ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும். மண்ணை ஆழமாகக் குத்தாமல் மெல்லிய அடுக்காகக் கையை உள்ளிழுத்து வழிக்க வேண்டும். பூமை இறக்குவதும் கையை இழுப்பதும் பக்கெட்டை மடக்குவதும் ஒரே அசைவாகச் சேரும் நாளில்தான் ஆபரேட்டர் பிறக்கிறார். எனக்கு அதற்கு இரண்டு மாதம் ஆயிற்று, தம்பிக்கு மூன்று வாரம். பக்கெட்டைப் பக்கவாட்டில் துடைப்பம் போல் வீசாதீர்கள், கிங்போஸ்ட்டின் ஆயுள் அதில்தான் போகிறது. தோண்டும் முன் மேலே மின்கம்பியைப் பாருங்கள், கீழே குழாயும் கேபிளும் போகிறதா என்று கேளுங்கள். ஐந்தடிக்கு மேல் ஆழமான குழியில் முட்டுக் கொடுக்காமல் யாரையும் இறக்காதீர்கள். உரிமமும் காப்பீடும் இல்லாமல் சாலையில் ஏற்றாதீர்கள். அடிபட்டால் ஜாமீனுக்கு ஓடிவர நமக்கு ஒன்றியத் தலைவர் இல்லை.

வண்டியும் வந்து ஓட்டவும் தெரிந்த பிறகுதான் என் நோட்டில் இன்னொன்று தெரிய ஆரம்பித்தது. எங்களுக்கு வரும் அழைப்புகளை வேலைவாரியாகப் பிரித்து எழுதினேன். செப்டிக் டேங்க் குழி, சாக்கடை, செத்த மாட்டைப் புதைக்க, சுடுகாட்டில் குழி வெட்ட என்றால் ஊர்த்தெருவிலிருந்தும் போன் வருகிறது. வீட்டு அஸ்திவாரம், கிணறு, கோயில் குளம் என்றால் எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வேறொருவரின் வண்டி வருகிறது. அதே பக்கெட், அதே டீசல், அதே 1,200 ரூபாய் வாடகை. ஒருவர் மறைக்காமலே சொன்னார்: "வண்டிய அனுப்புப்பா, ஓட்டறதுக்கு வேற ஆள அனுப்பு." இரும்புக்குச் சாதி இல்லை என்று நினைத்துத்தான் நாமெல்லாம் இயந்திரத்தை நேசித்தோம். எந்தக் குழிக்கு யாரைக் கூப்பிடுவது என்ற பழைய பட்டியல் இப்போது கைப்பேசியின் தொடர்பு எண்களுக்குள் ஏறி உட்கார்ந்திருக்கிறது. எல்லோரும் அப்படி இல்லை, எந்த வேலைக்கும் எங்களைக் கூப்பிடும் விவசாயிகளும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களை மட்டும் நம்பித் தவணை கட்ட முடியாது.

ஒரு மணி நேரத்துக்கு வரும் 1,200இல் டீசல், ஆபரேட்டர் கூலி, ஆயில், டயருக்கு எடுத்து வைப்பது எல்லாம் போக எங்களுக்கு 350 நிற்கிறது. தவணைக்கே மாதம் எண்பது மணி ஓட வேண்டும். மழை மாதங்களில் வேலை பாதியாகிறது. ஓடிய மணிக்கும் பணம் அன்றே வருவதில்லை. மற்ற வண்டிக்கு வேலை முடிந்ததும் எண்ணிக் கொடுப்பவர், நமக்கு "கரும்பு வெட்டட்டும்" என்கிறார். கேட்கப் போனால் குரல் உயர்கிறது. அதனால் பாதிப் பணம் முன்பணம், மீதி வண்டி கிளம்பும் முன் என்று வைத்துக்கொண்டோம். சில வேலைகள் போயின. வராக்கடன் அதைவிட அதிகமாகக் குறைந்தது.

செப்டிக் டேங்க் வேலையில் ஒரு எச்சரிக்கை. புதுக் குழி தோண்டுவது வேறு, பழைய தொட்டியில் ஆள் இறங்குவது வேறு. "வண்டி வந்ததே வந்துச்சு, அப்படியே ஒரு ஆள் இறங்கி அள்ளிடுங்க" என்பார்கள். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. செத்த பிறகு வரும் 30 லட்சம் நமக்கு வேண்டாம். இறங்க மாட்டோம் என்பதே பதில்.

இன்னொரு கேள்வியைத் தோழர்கள் கேட்பார்கள், கேட்க வேண்டும். இந்த வண்டி ஒரு நாளில் முடிக்கும் வாய்க்கால் வேலை, நம் தாய்மார்கள் பலர் ஒரு வாரம் செய்து கூலி பெற்ற வேலை அல்லவா? ஆமாம். காந்தியம் இயந்திரத்தைப் பழித்தபோது, 1945இல் வெளிவந்த காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது பற்றிய நூலில் அம்பேத்கர் அதை மறுத்தார். மனிதனுக்கு ஓய்வும் பண்பாடும் தரக்கூடியது இயந்திரம், அதன் பலன் எல்லோருக்கும் போய்ச் சேராததற்குச் சமூக அமைப்புதான் காரணம், மாற்ற வேண்டியது அதைத்தான் என்பது அவர் வாதம். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த அம்மாவின் முதுகைப் பார்த்த எவரும் மண்வெட்டியைப் புனிதமாக்க மாட்டார்கள். ஆனால் மண்வெட்டி போன இடத்தில் சோறு எங்கிருந்து வரும் என்று கேட்காமலும் இருக்க மாட்டார்கள்.

அதனால் எங்கள் வண்டிக்கு இரண்டு கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறோம். நூறு நாள் வேலையில் கைக்கு என்று ஒதுக்கிய பணிக்கு இரவில் வண்டியை விட்டுப் பகலில் கையெழுத்து வாங்கும் வேலைக்குப் போவதில்லை. குடிசைகளை இடிக்கக் கூப்பிட்டால் போவதில்லை. முன்னறிவிப்பும் 15 நாள் அவகாசமும் இல்லாமல் இடிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொன்னது. தாள் சரியாக இருந்தாலும் அந்த வேலைக்கு எங்கள் பக்கெட் நீளாது.

தனி ஒருவன் வண்டி வாங்கி முன்னேறிவிட்டால் சேரி முன்னேறிவிடும் என்ற கதையை நான் சொல்லவில்லை. தனியார் வேலையில் அழைப்பைத் தீர்மானிப்பது சாதியாக இருக்கும் வரை, பொதுப் பணத்தில் நடக்கும் வேலையில் பங்கு கேட்பதே வழி. கர்நாடகம் 2017இல் சட்டத் திருத்தம் செய்து, 50 லட்சம் வரையிலான அரசுப் பணி ஒப்பந்தங்களில் 17.15 சதவீதம் பட்டியல் சாதியினருக்கும் 6.95 சதவீதம் பழங்குடியினருக்கும் ஒதுக்கியது. பின்னர் அந்த வரம்பை ஒரு கோடியாக்கியது. ஏரி தூர்வாருவதும் ஊராட்சிச் சாலை போடுவதும் நம் வரிப்பணத்தில்தான். நம் ஒன்றியங்களில் அந்த வேலைகள் எந்தத் தெருவின் வண்டிக்குப் போகின்றன என்று ஊருக்கு ஊர் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்போம். கிடைக்கும் பட்டியலைக் கிராம சபையில் வாசிப்போம். பழைய வண்டிக்கும் வங்கிக் கடன் வேண்டும், நிலப் பத்திரம் இல்லாமலும் வேண்டும் என்பதைக் கோரிக்கையாக வைப்போம்.

அதற்குள் நாமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. சாவி கையில் உள்ள ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இரண்டு பேருக்கு லிவரைக் கொடுங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். வண்டி பார்க்கப் போகிறவரோடு கூடப் போங்கள். எங்கள் நோட்டின் நகல் கேட்பவர் எவருக்கும் தருகிறோம்.