விருந்தினருக்கு எந்தச் சென்னையைக் காட்டுவது?

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் வாழும் பெருமக்களுக்கு, அப்பகுதிகளிலிருந்து புறப்பட்டுச் சிங்கப்பூரில் குடியேறியவர்களுள் ஒருவர் வணக்கத்துடன் எழுதும் திறந்த மடல்.

ஆண்டுதோறும் மார்கழி பிறப்பதற்குச் சற்று முன்னே தொடங்கிப் பொங்கல் முடியும் வரையிலான வாரங்களில், வெளிநாடுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளோடும், சில வேளைகளில் தமிழ் அறியாத மருமக்களோடும் நண்பர்களோடும் தென்சென்னைக்கு வந்து சேர்கின்றன. அவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு ஊரிலிருக்கும் உறவினர்மேல் விழுகிறது. ஒரு மாலை கடற்கரை, ஒரு பகல் தி. நகரில் பட்டும் நகையும், பிறகு புறநகரிலுள்ள உறவினர் வீட்டில் விருந்து என்று அந்தச் சுற்று முடிந்துவிடுகிறது. விருந்தோம்பலில் யாரும் குறை காண முடியாது. ஆயினும் அந்த மணல் எங்கிருந்து வந்தது, கடைவீதி தோன்றுமுன் அந்நிலத்தில் என்ன இருந்தது, யாருடைய உழைப்பால் இவ்விடங்கள் நடக்கின்றன என்பவை சொல்லப்படாமல் போவதால், வந்தவர்கள் வேறெந்தக் கடலோர நகரிலும் காணக்கூடியவற்றையே இங்கும் கண்டு திரும்புகின்றனர். இவற்றையெல்லாம் சொல்லத் தெரிந்தவர்கள் ஊரில் நிறைய இருக்கின்றனர் என்பதால்தான் இம்மடல் எழுதப்படுகிறது.

மெரினாவின் அகன்ற மணற்பரப்பு பழங்காலந்தொட்டு அப்படியே இருந்து வந்ததன்று. 1870களில் தொடங்கிய துறைமுகக் கட்டுமானமே அதை விரித்தது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலைகள் சோழமண்டலக் கரையைச் சாய்வாக வந்து அறைவதால், ஆண்டின் பெரும்பகுதியில் மணல் கரையையொட்டித் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். கரையோர மணல் நகர்ச்சி எனப்படும் இந்த ஓட்டத்தைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் மறித்தபோது, சுவருக்குத் தெற்கே மணல் ஆண்டுக்காண்டு குவிந்து கடல் விலகிச் சென்றது. வடக்கே இராயபுரம் பக்கத்துக் கரைகள் மணல் வரத்து நின்றுபோய் அரிக்கப்பட்டன. 1881 முதல் 1886 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப், கரையோரம் உலாச்சாலை அமைத்து அதற்கு மெரினா எனப் பெயரிட்டதும் இக்காலத்தில்தான். தென்சென்னை பெருமைப்படும் மணல் வடசென்னைக்குச் சேராமற்போன மணல் என்பதை விருந்தினருக்கு, குறிப்பாகப் பள்ளியில் புவியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு, மணலில் நின்றபடியே சொல்லிவிட முடியும். சிங்கப்பூரின் கிழக்குக் கடற்கரைப் பூங்காவும் 1960களிலிருந்து கடலை மண்ணிட்டு மேடாக்கிய நிலத்தில் அமைந்ததுதான்; அங்கு வளரும் பிள்ளைகளுக்கு இச்செய்தி எளிதில் விளங்கும்.

உலாச்சாலைக்கு எதிரே நிற்கும் கட்டடங்களையும் காரில் கடந்துபோவது இழப்பு. கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம் வடிவமைத்த பல்கலைக்கழக செனட் மண்டபம் 1870களில் எழுந்தது. இந்திய, இசுலாமிய, ஐரோப்பியக் கூறுகளைக் கலந்து கட்டும் இந்தோ-சாரசனிக் பாணிக்கு அது சிறந்த எடுத்துக்காட்டு. சற்றுத் தெற்கேயுள்ள விவேகானந்தர் இல்லம், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டப்பட்ட கிடங்கு; 1897இல் விவேகானந்தர் தங்கியதால் பின்னாளில் அவர் பெயர் பெற்றது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலையும், 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி நிறுவப்பட்ட வள்ளுவர், ஔவையார், கண்ணகி, வீரமாமுனிவர், கால்டுவெல், போப் முதலியோரின் சிலைகளும் ஒரே சாலையில் வரிசையாக நிற்பதால், அயல்நாட்டில் வளர்ந்த பிள்ளைக்குத் தமிழ் இலக்கிய வரலாற்றின் முதற்பாடத்தை நடந்துகொண்டே சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. எச்சரிக்கை ஒன்றும் தேவை: இங்கே கடல் கரையருகிலேயே சட்டென்று ஆழமாகிவிடும்; அடியோட்டமும் வலிது. அலையில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நீச்சல் தெரிந்தவர்க்கும் இக்கடல் ஏற்றதன்று.

கலங்கரை விளக்கத்திற்குத் தெற்கே நொச்சிக்குப்பம் தொடங்குகிறது. குப்பம் என்பது கரையோர மீனவர் ஊரைக் குறிக்கும் சொல். நகரம் வந்து சூழ்வதற்கு முன்பே இருந்த ஊர்கள் இவை. காலையில் ஃபைபர் படகுகள் கரையேறியதும் வஞ்சிரம், வவ்வால், சங்கரா, நெத்திலி எனத் தரம் பிரித்துப் பெண்கள் விற்பனைக்கு அமர்கின்றனர். நொச்சிக்குப்பத்திலிருந்து பட்டினப்பாக்கம் வரை செல்லும் வளைவுச் சாலையோரத்தில் நடந்துவந்த இவ்விற்பனை, போக்குவரத்து நெரிசலை முன்னிட்டு 2023 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் கவனத்திற்கு வந்தது. கடைகள் அகற்றப்பட்டன, மீனவர்கள் சாலையில் அமர்ந்து போராடினர், 2024 ஆகஸ்டில் அதே சாலையில் மாநகராட்சி கட்டிய மீன் அங்காடி திறக்கப்பட்டது. வந்து போகும் வண்டிகளுக்கு இச்சாலை குறுக்குவழி. குப்பத்தாருக்கோ வலை உலர்த்தும் முற்றம், விற்கும் சந்தை, பிள்ளைகள் விளையாடும் திடல் எல்லாம் அதுவே. உறவினரை அழைத்துச் செல்வோர் அங்கே வண்டியை நிறுத்தி, பேரம் பேசி மீன் வாங்கி, மீனின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதைச் சுற்றின் முதற்பகுதியாகவே கொள்ளலாம்.

இதே முறை பெசன்ட் நகர்க் கடற்கரைக்கும் பொருந்தும். எலியட்ஸ் கடற்கரை என்ற பெயரையும், நீரில் தத்தளித்தவரைக் காக்கப் போய் 1930இல் உயிரிழந்த டென்மார்க் நாட்டு மாலுமி ஷ்மிட்டின் நினைவுச் சின்னத்தையும், அன்னை வேளாங்கண்ணி ஆலயத்தையும், அட்டலட்சுமி கோயிலையும் எல்லா வழிகாட்டி நூல்களும் குறிப்பிடுகின்றன. அவற்றுக்கு வடக்கே கிடக்கும் ஊரூர்க் குப்பமும் ஆல்காட் குப்பமும் அரிதாகவே இடம்பெறுகின்றன. கடலின் நீரோட்டங்களை அவற்றின் திசைக்கேற்ப வண்ணி என்றும் தெண்டி என்றும் பிரித்தறியும் அறிவு அக்குப்பத்து மீனவரிடம் உள்ளது. 2015இல் இங்கே தொடங்கிய குப்பம் விழா, பெரும்பாலும் சபாக்களில் ஒலித்த கருநாடக இசையையும் பறையையும் ஒரே மேடையில் கொண்டுவந்தது. சபா என்பது உறுப்பினர் கட்டணத்தால் நடக்கும் இசை, நாடக அமைப்பு. மார்கழியில் வெளிநாட்டார் பெரும்பாலும் அங்கேதான் காணப்படுவர்.

இதே கரையில், ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான இரவுகளில் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறுகின்றன. 1988இல் மாணவர்களால் தொடங்கப்பட்ட கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவெல்லாம் நடந்து, முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் புதைத்து, ஒன்றரை மாதத்திற்குப் பின் வெளிவரும் குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர். வார இறுதி நடைகளில் பொதுமக்களும் சேர்ந்துகொள்ளலாம். கைபேசி விளக்கையும் புகைப்பட ஒளியையும் அணைத்துவிட வேண்டும், ஏனெனில் குஞ்சுகள் ஒளியை நோக்கி நகரும் இயல்புடையவை. தெருவிளக்குகளே அவற்றை வழிதவறச் செய்யும் பேராபத்து. பொங்கலுக்குப் பிறகும் சில நாள் தங்கக்கூடிய குடும்பங்கள் இதைத் தவறவிடலாகாது.

தியாகராய நகருக்கு வருவோர் பனகல் பூங்காவைச் சுற்றிய பட்டுக் கடைகளை நாடி வருகின்றனர். காஞ்சிபுரத்து நெசவாளர் மரபில் வந்த நல்லி நிறுவனம் 1928இல் இங்கே தொடங்கியது. பட்டு வாங்குவோருக்குச் சில செய்திகள் பயன்படும். கோர்வை என்பது புடவையின் உடலையும் கரையையும் தனித்தனி ஓடங்களால் நெய்து இணைக்கும் முறை. உடலும் கரையும் வேறு வேறு நிறமாயிருந்தும் கலப்பின்றிச் சேர்வது அதனால்தான். பட்டு நூலின்மேல் வெள்ளி இழையைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது சரிகை. விலையில் பெரும்பங்கு அதற்குச் செல்வதால் செயற்கைச் சரிகையா என்பதைத் தயங்காமல் கேட்க வேண்டும். தூய பட்டுக்குச் சில்க் மார்க் முத்திரை உண்டு. பொன் நகைகளுக்கு 2023 ஏப்ரல் முதல் ஆறு எழுத்தெண் கொண்ட தனி அடையாளக் குறி கட்டாயம். 1935இல் கூட்டுறவுச் சங்கமாகத் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் கடைகளில் கைத்தறித் துணிகளை வாங்கும்போது அப்பணம் நெசவாளர் சங்கங்களுக்குச் சேர்கிறது.

இக்கடைவீதி ஓர் ஏரியின் படுகையில் நிற்கிறது. நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கு நோக்கி வளைந்து கிடந்த பெரிய ஏரியை ஆங்கிலேயர் லாங் டேங்க் என்று அழைத்தனர். நகர வளர்ச்சிக்கு இடம் தேடிய நீதிக்கட்சி ஆட்சி, 1920ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்தின் கீழ் 1923 அளவில் அந்த ஏரியை வடித்து மனைகளாக்கத் தொடங்கியது. அக்கட்சியைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான பிட்டி தியாகராயர் பெயரை நகருக்கும், முதல்வர் பனகல் அரசரின் பெயரைப் பூங்காவுக்கும், கட்சித் தலைவர்கள் பிறரின் பெயர்களைத் தெருக்களுக்கும் சூட்டியது. பாண்டி பஜாரும் அக்கட்சித் தலைவர் சௌந்தரபாண்டியனாரின் பெயரைத் தாங்கியதே. 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டமும் அதே ஏரியின் மற்றொரு பகுதியில் எழுந்தது. 2021 நவம்பரில் தி. நகரின் தெருக்களில் நாட்கணக்கில் நீர் தேங்கியபோது அதை வடிகால் குறை என்று மட்டும் விளக்கியது பாதி விளக்கமே. நீர் தன் பழைய படுகைக்கே திரும்பி வந்தது. மழைக்காலத்தில் வருவோர் இதை அறிந்திருந்தால் ஊரின் மேல் எரிச்சல் கொள்ளாமல், வெள்ளத்தின் காரணத்தைப் புரிந்துகொள்வர்.

மாம்பலம் ரயில் நிலையத்தை ஒட்டிய ரங்கநாதன் தெருவுக்குக் காரில் போவது வீண். ரயிலில் இறங்கி, நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023இல் திறந்த நடைமேம்பாலத்தின் வழியே செல்வது எளிது. 2019இல் பாண்டி பஜாரில் அமைக்கப்பட்ட நடைபாதை வளாகமும் நடப்பவர்க்கே உரியது. தி. நகரின் துணிக்கடைகளில் ஏராளமான இளைஞர்கள், பெரும்பாலும் தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள், காலை முதல் இரவு வரை நின்றபடியே துணி விரித்துக் காட்டுகின்றனர். அவர்களின் வாழ்வை 2010இல் வெளிவந்த அங்காடித் தெரு திரைப்படம் பேசியது. 2021இல் தமிழக அரசு, பணியாளர் அமர இருக்கை தருவதைக் கடைகளுக்குக் கட்டாயமாக்கிச் சட்டத்தைத் திருத்தியது. வெளிநாட்டிலிருந்து வந்து பெருந்தொகைக்கு வாங்குபவரின் சொல்லுக்கு முதலாளியிடம் மதிப்புண்டு. விற்பனையாளருக்கு இருக்கை எங்கே என்று அவர்கள் கேட்டால், சட்டம் தாளிலிருந்து கடைக்குள் இறங்கி வர அது துணைபுரியும்.

மயிலாப்பூரைப் பற்றி அவ்வூராருக்கு எழுதுவது மிகை. கபாலீசுவரர் கோயிலைச் சுற்றிய நான்கு மாட வீதிகளில் கொலுப் பொம்மை, நாட்டு மருந்து, நடனத்திற்குரிய கெம்புக்கல் நகை என எல்லாம் நடை தூரத்தில் கிடைப்பதும், 1516இல் போர்த்துக்கீசியர் எழுப்பிய லஸ் தேவாலயமும் கோயிலும் ஒரே காலையில் காணத்தக்க அண்மையில் இருப்பதும் எல்லாரும் அறிந்தவை. பங்குனிப் பெருவிழாவின் அறுபத்துமூவர் உலாவைக் காண விரும்புவோர் மட்டும் டிசம்பரை விட்டு மார்ச், ஏப்ரலில் வர வேண்டும்.

புறநகர் என்ற சொல் சென்னையில் ஓரிடத்தில் நிற்பதில்லை. 1882இல் பிரம்மஞான சபை தன் தலைமையகத்தை அடையாற்றின் தென்கரைக்கு மாற்றியபோது அது நகருக்கு வெளியே இருந்த தோட்ட வீடு. விடுதலைக்குப் பின் காந்தி நகரும், அதையடுத்து வீட்டு வசதி வாரியத்தின் பெசன்ட் நகரும் எழுந்தன. 2011இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது பழைய மாமல்லபுரம் சாலையின் ஊர்கள் பலவும் நகருக்குள் வந்தன. பிரம்மஞான சபையின் சோலைக்குள் இருக்கும் ஆலமரத்தின் அடிமரம் 1989இல் சாய்ந்தபின்னும் விழுதுகள் வேரூன்றித் தழைக்கின்றன. அடையாற்றின் முகத்துவாரத்தில், மீனவர் கடக்க 1967இல் கட்டப்பட்டு 1977இல் வெள்ளத்தில் உடைந்த பாலம் இன்றும் அப்படியே நிற்கிறது. 2015 டிசம்பரில் இந்த ஆறு கோட்டூர்புரத்தையும் சைதாப்பேட்டையையும் மூழ்கடித்ததை அங்கு நிற்கும் எவருக்கும் சொல்ல வேண்டும். தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. எஞ்சியிருக்கும் அந்தச் சதுப்பையாவது லாங் டேங்கின் கதி அடையாமல் காக்க வேண்டும்.

சிங்கப்பூரில் லிட்டில் இந்தியா வட்டாரத்திற்கென மரபுடைமைப் பாதை ஒன்று வகுக்கப்பட்டு, சிறு கடைகளின் வரலாறும் பலகைகளில் எழுதப்பட்டுள்ளது. அதைவிட நீண்ட வரலாறுடைய மயிலைக்கும் மாம்பலத்திற்கும் அடையாற்றுக்கும் அத்தகைய நடைவழிகளை ஊராரே வகுக்க முடியும். குடியிருப்போர் நலச் சங்கங்களும், பள்ளிகளும், சபாக்களும் கூடி, குப்பத்து மீனவரையும் கடைப் பணியாளரையும் உடன் அமர்த்தி, பழைய ஏரியின் கரை எங்கே ஓடியது, மணல் எங்கிருந்து வந்தது, வெள்ளம் எந்த அளவு ஏறியது என்பவற்றைத் தெருமுனைகளில் தமிழில் எழுதி வைக்குமாறும், அடுத்த மார்கழிக்கு வரும் பிள்ளைகளைக் கடைக்கு அழைத்துச் செல்லுமுன் அவற்றின் வழியே நடத்திச் செல்லுமாறும் இம்மடல் பணிவுடன் வேண்டுகிறது. அச்சிடவும் பலகை வைக்கவும் ஆகும் செலவில் தங்கள் பங்கைத் தருவது கடல் கடந்து வாழ்வோரின் கடமை.