பூவின் படமும் பூவின் பெயரும்

மும்பையில் வாழும் தமிழர் பலருக்கு நிலத்தில் தோட்டம் அமைவதில்லை. தாராவியில் வாசற்படி ஓரத்து வண்ணப்பூச்சு வாளியும் உடைந்த குடமுமே தோட்டம். செம்பூரிலும் மாட்டுங்காவிலும் அடுக்ககச் சன்னலின் கம்பிக்கூண்டே தோட்டம். இடம் சிறிதாயினும் பூக்களின் நிறத்திற்குக் குறைவில்லை. செம்பருத்தியின் சிவப்பையும் சங்குப்பூவின் நீலத்தையும் கண்டவுடன் நம் கை கைப்பேசியைத் தேடுகிறது.

பூக்களைப் படம்பிடிப்பது நல்ல பழக்கம். பறித்த பூ ஒரு பொழுதில் வாடிவிடும். படம்பிடித்த பூ செடியிலேயே சிரித்துக்கொண்டிருக்கும். ஆயினும், பெயர் அறியாமல் எடுத்த படம் பாதிப் படமே என்பது என் கருத்து.

படம் நன்றாக அமைய, முதலில் உற்றுநோக்க வேண்டும். நண்பகல் வெயிலில் எடுத்தால் செம்பருத்தி இதழின் நரம்புகள் மறைந்து, வெறும் சிவப்புத் திட்டாகத் தெரியும். காலையின் இளவெயிலோ மழைக்காலத்து மேகவொளியோ அதற்கு ஏற்றது. காகிதப்பூவை அருகில் சென்று பாருங்கள். தாள்போல் மெல்லிய அதன் வண்ணப் பகுதிகள் இதழ்கள் அல்ல. அவை பூவடிச் செதில்கள். அவற்றின் நடுவே வெண்மையாய்ச் சிறிதாய் இருப்பதே உண்மையான பூ.

உற்றுநோக்குவோர்க்குப் பெயரும் வழிகாட்டும். அந்திமந்தாரையைக் காலை பத்து மணிக்குத் தேடிச் சென்றால் குவிந்த பூக்களையே காண்பீர்கள். அது மாலையில் மலர்வது என்பதை ‘அந்தி’ என்னும் சொல்லே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. சங்குப்பூவின் வடிவில் நம் முன்னோர் சங்கைக் கண்டனர். மராத்தி பேசும் நம் அண்டை வீட்டார் அதனைக் ‘கோகர்ணம்’ என்பர். பசுவின் காது என்பது அதன் பொருள். ஒரே பூ, இரு மொழியினர் கண்ட இரு காட்சிகள்! இரண்டு பெயர்களையும் அறியும் வாய்ப்பு மும்பையில் வளரும் உங்களுக்கு உண்டு.

தமிழ், பூவின் ஒவ்வொரு நிலைக்கும் தனிப்பெயர் வைத்துள்ளது. தோன்றும் நிலை அரும்பு. விரியத் தொடங்கும் நிலை போது. மலர்ந்த நிலை மலர். கீழே விழுந்த நிலை வீ. வாடிய நிலை செம்மல். சங்கப் புலவர் கபிலர், குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்களை அடுக்கிக் கூறியுள்ளார். படக்கருவி இல்லாத காலத்தில் பெயர்களே படங்களாக நின்றன.

“கைப்பேசிச் செயலி ஒரு நொடியில் பெயரைக் கூறிவிடுமே! நாம் ஏன் நினைவில் வைக்க வேண்டும்?” என்று சிலர் வினவலாம். செயலி உதவும், அதை மறுக்கவில்லை. சிவந்த சிறு பூக்கள் கொத்தாய்ப் பூக்கும் செடியைக் காட்டினால், அது ‘இக்சோரா’ என்று கூறும். உங்கள் பாட்டியோ ‘இட்லிப்பூ’ என்பார். இலக்கியத்தில் அதன் பெயர் வெட்சி. பகைவரின் ஆநிரையைக் கவரச் செல்லும் வீரர் சூடிய பூ அது. பாட்டியின் பெயரில் நம் அடுக்களை இருக்கிறது. இலக்கியப் பெயரில் நம் வரலாறு இருக்கிறது. இவற்றை நாம் பேச்சில் வழங்காவிட்டால், படம் கைப்பேசியில் இருக்கும். பெயர் பாட்டியின் தலைமுறையோடு மறைந்துவிடும்.

ஊரைவிட்டு வந்த குடும்பங்கள் பலவற்றை விட்டுவிட்டே வந்தன. பூக்களின் பெயர்களைச் சுமந்து வருவதற்குப் பெட்டி தேவைப்படவில்லை. ஆதலால் அவை இன்னும் நம் வீடுகளில் உள்ளன. அவற்றைக் காப்பதற்கு ஒரு வினாவே போதும்.

எனவே மாணவர்களே, அடுத்த முறை படம் எடுத்தவுடன் அதனைப் பாட்டியிடமோ தாத்தாவிடமோ காட்டி, “இதன் பெயர் என்ன?” என்று கேளுங்கள். அவர் கூறும் பெயரைப் படத்தின் கீழே தமிழில் எழுதுங்கள். அப்போதுதான் அந்தப் படம் முழுமை பெறும்.

அருஞ்சொற்பொருள்

அந்தி – மாலைப்பொழுது
ஆநிரை – பசுக்கூட்டம்
அடுக்களை – சமையலறை

செய்து பார்ப்போம்

1. உங்கள் வீட்டிலோ அருகிலோ உள்ள ஒரு செடியில் அரும்பு முதல் செம்மல் வரை ஐந்து நிலைகளையும் படம்பிடித்துப் பெயரிடுக.
2. “செயலி இருக்கும்போது பெயர்களை நினைவில் வைக்கத் தேவையில்லை.” இக்கருத்தை நீங்கள் ஏற்கிறீர்களா? காரணத்துடன் ஐந்து வரிகளில் எழுதுக.